பதினேழாம் எண் வீட்டு நீலத் தொட்டி

அந்தச் சந்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சிவப்புச் சீட்டு என்றால்தான் தெரியும். நகரசபையில் குப்பைத் தணிக்கை அவருடைய வேலை. காகிதம், அட்டை, கண்ணாடி, துணித் துண்டு எல்லாம் நீலத் தொட்டிக்கு. எதற்கும் உதவாதது கறுப்புக்கு. இதில் யாராவது கை தவறினால், மறுநாள் காலையில் அந்த வீட்டுத் தொட்டியின் கைப்பிடியில் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கும். என்ன தப்பு, எந்தக் கிழமை என்று முத்துமுத்தாக எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருப்பார்.

ஆள் கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. எதிர் வீட்டு வாத்தியார் ஒருமுறை எண்ணெய் படிந்த அட்டைப் பெட்டியை நீலத்தில் போட்டுவிட்டு, "கொஞ்சம்தானே எண்ணெய்" என்று இழுத்தார். அவரை நடுத்தெருவில் அரை மணி நேரம் நிற்க வைத்து, அந்தக் கொஞ்சம் எண்ணெய் ஒரு மூட்டைக் காகிதத்தை எப்படிக் கெடுக்கும் என்று பாடம் நடத்தினார் நம்மவர். முப்பது வருஷம் பிள்ளைகளை நிற்க வைத்த வாத்தியாருக்கு அன்றைக்குத்தான் நிற்பவன் கால் வலி தெரிந்திருக்கும்.

இந்தக் கண்டிப்பு வானத்திலிருந்து குதித்து வந்ததில்லை. பத்தொன்பது வயதில் குப்பை வண்டியின் பின்படியில் தொங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கியவர். அப்பா அதே டிப்போவில் மேஸ்திரி. மேஸ்திரி நடந்து வந்தால் வண்டிகள் தாமாக ஒதுங்கும் என்பார்கள். மகன் என்று ஒரு நாளும் சலுகை காட்டியவரில்லை. அடுத்தவனுக்கு ஒரு மூட்டை என்றால் மகனுக்கு ஒன்றரை. பிறகு பிரிக்கும் கொட்டகையில், ஓடுகிற பெல்ட்டின் முன்னால் பதினொரு வருஷம். ஒரு பையைக் காதருகே கசக்கினாலே அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார்.

அவர் சேர்ந்த காலத்துக் குப்பைக்கு ஒரு நாணயம் இருந்தது என்பார். பாட்டில் என்றால் பாட்டில், தகரம் என்றால் தகரம். இப்போது எதையும் நம்ப முடியவில்லை. பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டைக்குள் பேட்டரி, மினுக்குகிற குழந்தைச் செருப்புக்குள் பேட்டரி. ஒன்று குப்பையை நசுக்கும் அழுத்தியில் நசுங்கினால் கொட்டகையே பற்றிக்கொள்ளும், இரண்டு முறை பற்றியும் இருக்கிறது. மட்கும் என்று அச்சடித்த கோப்பை உரக்குழியில் ஒரு வருஷம் கிடந்துவிட்டுப் புது மாப்பிள்ளை போல வெளியே வருகிறது. பழைய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் கடல் தாண்டி மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள், உங்கள் அழுக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அதனால்தான் வீட்டிலேயே சுத்தமாகப் பிரிக்க வேண்டும் என்று நகரசபை விதியை இறுக்கியது. நீலத் தொட்டியை வாராவாரம் எடுப்பார்கள். கறுப்பைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான். பத்தாக்குறைக்கு, தொட்டியைக் கவிழ்க்கும்போது படம் பிடிக்கிற கேமரா ஒன்று வண்டியின் வாய்க்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. தப்பான சாமான் விழுந்தால் வீட்டு எண்ணோடு படம் அலுவலகத்துக்குப் போய்விடும்.

ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவர் வீட்டில், எட்டு மாதத்துக்கு முன்னால் மேஸ்திரி விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று, மகன் முதல்முறையாக அவருக்கு டயபர் கட்டினார். கட்டி முடிக்கும்வரை கிழவர் கண்ணைத் திறக்கவில்லை. முடிந்ததும் இடது கையால் மகன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"டிப்போவுக்குத் தெரிய வேண்டாம்டா. யார்கிட்டயும் சொல்லாதே."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சந்தில் கேட்டவர்களுக்கு, அப்பாவுக்குக் கால் கொஞ்சம் பலவீனம், அவ்வளவுதான் என்றார்.

ஆனால் ஒரு நாளைக்கு நாலு டயபர். பதினைந்து நாளைக்கு அறுபது. கறுப்புத் தொட்டி எட்டாம் நாளே மூடி தூக்கிக்கொண்டு நின்றது. இதற்கு நகரசபையில் வழி இல்லாமலில்லை. ஊதாப் பை என்று ஒன்று உண்டு. படிவம் எழுதிக் கொடுத்தால், படுத்த படுக்கையாக நோயாளி இருக்கிற வீட்டு வாசலில் அந்தப் பையை மாட்டிவைக்கலாம், வாராவாரம் தனியாக எடுத்துப் போவார்கள். ஒன்பது குடும்பங்களுக்கு அந்தப் படிவத்தை எழுதிக் கொடுத்ததே இவர்தான். தயங்கினவர்களிடம், "இதுல வெக்கப்பட என்னம்மா இருக்கு? நாளைக்கு நமக்கும் வர்றதுதானே" என்று பெரிய மனுஷத்தனமாகப் பேசியவரும் இவரேதான். தன் வீட்டுக்கு என்று வந்தபோது பேனா நகரவில்லை. படிவம் டிப்போவுக்குத்தான் போகும். மேஸ்திரியின் கீழ் நடுங்கி நின்றவர்கள் அதைப் படிப்பார்கள். பை வாசலில் தொங்கினால் சந்து முழுக்கப் படிக்கும்.

அவர் மனைவி பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை பார்க்கிறவர். பிடித்தால் விடமாட்டார். "ஏங்க, அந்தப் பைக்கு எழுதிக் குடுத்துடுங்களேன். நாத்தம் தாங்கலை" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்பதற்குள், டிப்போ கிடங்கில் கொட்ட அனுமதி வாங்கிவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி வாயை அடைத்தார். டிப்போ வாசலில் உள்ளே போகிற பையையும் திறந்து பார்ப்பார்கள் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

அவர் கண்டுபிடித்த வழி வேறு. பதினொரு வருஷம் பெல்ட்டில் நின்றவருக்குக் கேமரா எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பது அத்துப்படி. அதற்கு வடிவமும் மினுமினுப்பும்தான் தெரியும். அட்டைப் பெட்டியைக் கண்டால் அட்டை என்று எண்ணிக்கொண்டு சும்மா இருந்துவிடும். காலிச் செருப்பு டப்பாவில் பழைய பேப்பரைச் சுற்றி ஐந்து டயபரை அடுக்கி, டேப் போட்டு நாலு பக்கமும் இறுக்கினால் தீர்ந்தது. தன் தொட்டியில் போட மனம் துணியவில்லை. தணிக்கை ஆளின் வீட்டு எண் ஒருமுறை படத்தில் வந்தாலும் மானம் போய்விடும். அவருடையது பதினாறாம் எண். பதினேழு, சுவருக்கு அந்தப் பக்கம், தையல்காரம்மா வீடு. தனி ஆள். நீலத் தொட்டியில் வெட்டுத் துண்டுகளும் பாதி இடமும்தான் எப்போதும் இருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வெளியில் வைத்துவிடுவார். புதன் காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது, இவர் மூன்று டப்பாவைத் தூக்கி அதன் அடியில் செருகிவிட்டுப் போவார். எட்டு மணிக்கு வண்டி வரும்.

ஐந்து மாதம் ஒரு படம்கூட வரவில்லை. முதல் சில வாரம் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு பழகிவிட்டது. வெட்கத்தைச் சொல்லத்தான் வேண்டும்: கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மெஷினை ஏமாற்றிவிட்டோம் என்று பல் துலக்கும்போது சிரித்துக்கொண்டார்.

தையல்காரம்மாவின் மகளுக்குப் பிரசவம் வந்தது. கிளம்புகிற அன்று கைப்பையோடு வந்து நின்றார்.

"தம்பி, மூணு வாரம் மக வீட்டுல இருப்பேன். என் நீலத் தொட்டியை மட்டும் செவ்வாய்க்கிழமை வெளியே வெச்சிடறீங்களா? கடைசியா வெட்டின துண்டெல்லாம் அதுல கிடக்கு."

"அதுக்கென்ன அக்கா. நிம்மதியாப் போயிட்டு வாங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை தொட்டியை வெளியே வைத்தவரும் இவர், புதன்கிழமை டப்பாக்களைச் செருகியவரும் இவர். பத்து மணிக்கு அலுவலகத்தில் மேலாளர் அம்மாள் கூப்பிட்டார். திரையில் படம் பெரிதாக இருந்தது. வண்டியின் வாயில் ஒரு செருப்பு டப்பா வெடித்துக் கிடந்தது. உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. கீழே பதினேழு என்ற எண். கேமராவின் கண்ணுக்குத் தப்பினாலும் வண்டிக்குள் நசுக்குகிற அழுத்திக்கு டேப் தாங்குமா? அந்த லோடு காகித ஆலைக்குப் போகவேண்டியது. ஒரு மூட்டையில் இதைக் கண்டால் ஆலைக்காரன் லாரியையே திருப்பிவிடுவான். நாலு டன் காகிதம் அப்படியே குப்பை மேட்டுக்குப் போயிற்று.

"உங்க சந்துதானே இது? யார் வீடு?"

"தையல்காரம்மா வீடு மேடம்."

அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் கேவலம்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"தனியாத்தான் இருக்காங்க."

"வயசானவங்களா?"

"அறுபது இருக்கும்."

மேலாளர் அம்மாள் உச்சுக் கொட்டினார். "பாவம். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சிருப்பாங்க. ஆனா மனுஷக் கழிவு, விட முடியாது. ஆறு மாசத்துக்கு நீலத் தொட்டியை எடுத்துடுங்க. சந்து முனைப் பலகையில ஒட்டிடுங்க."

வாயைத் திறக்க அவருக்கு நேரம் இருந்தது. மேலாளர் அம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு, மூடியைத் திருகி மூடி, அடுத்த காகிதத்தை எடுக்கும்வரை நேரம் இருந்தது. அவர் சரி மேடம் என்றார். மத்தியானம் சிவப்புச் சீட்டில் எழுதினார். கையெழுத்து வழக்கம்போல முத்துமுத்தாகத்தான் வந்தது. சந்து முனையில் இருக்கும் அறிவிப்புப் பலகையில், வீட்டு எண் பதினேழு, மனிதக் கழிவு, ஆறு மாதம் என்ற தாளைத் தன் கையாலேயே ஒட்டினார். தொட்டியையும் தானே உருட்டிக்கொண்டு போனார். சக்கரம் தடதடக்கிற சத்தத்துக்கு வாத்தியார் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

அடுத்த இரண்டு வாரமும் அவர் டப்பா கட்டவில்லை. மூட்டை பின்கட்டில் சேர்ந்தது. மனைவி கேட்டதற்கு டிப்போவில் கிடங்கு நிரம்பிவிட்டது என்றார். ஒரு பொய் நிற்க ஒன்பது பொய் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறதே.

தையல்காரம்மா திரும்பி வந்தார். பலகையில் இருந்ததை அவர் படிப்பதற்கு முன்பே சந்து மனப்பாடம் செய்திருந்தது. தனியாக இருக்கிற பெண்ணுக்கு வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று ஒருத்தி சொன்னாள். தைக்கிற துணியை மடியில்தானே வைத்துக்கொள்வாள் என்று இன்னொருத்தி முகம் சுளித்தாள். வெட்டக் கொடுத்திருந்த துணியை இரண்டு பேர், அவசரமில்லை, பிறகு பார்க்கலாம் என்று திருப்பி வாங்கிப் போனார்கள். இருபத்தைந்து வருஷமாக அந்த ஊசியை நம்பி வாழ்கிறவர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நம்மவர் பதினேழாம் எண் கதவைத் தட்டினார். உண்மையைச் சொல்லப் போனார் என்று நினைத்தால் உங்களுக்கு நல்ல மனசு. வழி நெடுக, அதாவது பத்தடி தூரம், அவர் ஒத்திகை பார்த்தது வேறு.

"வாங்க தம்பி. நாற்காலியில துணி கிடக்கு, தள்ளிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார். தையல் மெஷினைத் தாண்டி அவரால் பார்வையை உயர்த்த முடியவில்லை.

"அக்கா, அந்தப் பலகை விஷயம். இந்தக் கேமரா புதுசுங்கறதால தப்புத் தப்பாப் படிக்குது. நான் மேலே எழுதிப் போடறேன். ஒரு மாசத்துல தொட்டி வந்துடும். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

தையல்காரம்மா ஓட்டிக்கொண்டிருந்த தையலை முடித்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"டேப் ஒட்டறப்போ ஒரு முனையைக் கொஞ்சம் மடிச்சு ஒட்டுங்க தம்பி. பிரிக்கறப்போ எனக்கு நகம் பிஞ்சு போகுது."

"எந்த டேப்?"

"செருப்பு டப்பா டேப்."

அறையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"மொத வாரம், யாரோ நல்ல செருப்பைத் தவறிப் போட்டுட்டாங்களோன்னு நெனச்சுப் பிரிச்சேன்" என்றார் தையல்காரம்மா. குரலில் கோபம் இல்லை, ஒரு சட்டையின் அளவு சொல்கிற மாதிரிதான் இருந்தது. "பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. நமக்கு நடுவுல ஒத்தைச் சுவர்தானே. மேஸ்திரி அழறது எனக்குக் கேக்காதா? டப்பா நீலத்துக்கு, உள்ளே இருக்கறது கறுப்புக்கு. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. என் கறுப்புத் தொட்டி எப்பவும் காலியாத்தான் கிடக்கு. காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சுப் பிரிச்சுப் போட்டுடுவேன்."

"எத்தனை வாரம்?"

"ஊருக்குப் போற வரைக்கும் எல்லா வாரமும்தான்."

ஐந்து மாதம். அவருடைய சாமர்த்தியம் ஒரு நாளும் கேமரா முன்னால் போய் நிற்கவே இல்லை. இந்த அம்மாள் கையில் வந்து விழுந்திருக்கிறது. தன் அப்பாவின் மலத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் வாராவாரம் கையால் எடுத்திருக்கிறார், அதுவும் இவர் வகுத்த விதிப்படி, டப்பா வேறு சரக்கு வேறாக. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. மொசைக் தரை, பிளக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா அப்புறம் என் முகத்துல எப்படி முழிப்பீங்க? தினம் பார்க்கற முகம்." அவர் அடுத்த துணியை ஊசிக்கு அடியில் கொடுத்தார். "பலகையில ஒட்டறதுக்கு முன்னாடி நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சரி, ஊர்ல இல்லாதவளுக்காக யார் பேசுவான்னு விட்டேன். நான் வந்து மூணு நாள் ஆச்சு தம்பி."

அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்பது போல மெஷின் ஓட ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் அவர் மேலாளர் அம்மாளின் மேஜை முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். டப்பா, பேப்பர், டேப், ஐந்து மாதம், ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மாள் சீட்டுப் புத்தகத்தை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டார். மறுபடி பெல்ட்டில் நிற்கும் வேலை. பதினேழாம் எண்ணுக்குத் தொட்டி திரும்பியது, பதினாறாம் எண்ணின் தொட்டி போயிற்று. பலகையிலும் எண்ணை மாற்றி ஒட்டினார்கள்.

இத்தோடு கணக்கு நேராகிவிட்டது என்று அவர் நினைத்தார். சந்து வேறுவிதமாக நினைத்தது. அன்று மாலை வாத்தியார் குறுக்கே வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு தனிப் பொம்பளை மானத்துக்காக வேலையையே விட்டுட்டீங்களே. உங்க மனசு யாருக்கு வரும் சார்?"

"இல்லை சார், நான்தான் போட்டேன்."

"போதும், போதும். உங்க வாயால அப்படித்தான் சொல்லுவீங்க."

வாத்தியார் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சொல்லச் சொல்ல நம்மவர் உயர்ந்துகொண்டே போனார். இத்தனை வருஷம் கறாராக இருந்த ஆள் பக்கத்து வீட்டுத் தொட்டியில் திருட்டுத்தனமாகப் போடுவாரா? கால் மட்டும் பலவீனமான மேஸ்திரிக்கு டயபர் எதற்கு? கேட்டவர்களுக்கெல்லாம் அப்படிச் சொல்லி வைத்தவரே அவர்தானே. அவர் பெரிய மனிதராக ஆக ஆக, பதினேழாம் எண் வீட்டைப் பற்றிச் சந்துக்கு இருந்த சந்தேகம் உறுதியாயிற்று. திருப்பி வாங்கிய துணியை யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. புகழ் இவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

வீட்டில் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னார். டிப்போ கிடங்குப் பொய்க்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. கடைசியில் மனைவி சொன்னார்: "ஊதாப் பையை நம்ம வாசல்ல மாட்டுங்க. அதைப் பார்த்தாத்தான் இந்தச் சந்து நம்பும். மாமாகிட்ட நீங்களே கேளுங்க."

மேஸ்திரியின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அவர் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, டப்பாவில் தொடங்கிப் பலகை வரைக்கும் சொன்னார். கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அந்தம்மா கையாலயா?"

"ஆமாப்பா."

"எல்லா வாரமும்?"

"ஆமா. நீங்கதான் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு..."

மேஸ்திரி தலையைத் திருப்பினார். நாக்கு குழறினாலும் டிப்போவில் கேட்ட அதே குரல்தான்.

"சொல்லாதேன்னுதான்டா சொன்னேன். அவ தொட்டியில போடுன்னு சொன்னேனா?"

ஐந்து மாதமாக அப்பாவின் மானம், அப்பாவின் மானம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தது ஒரே கேள்வியில் உதிர்ந்துபோயிற்று. காப்பாற்றியது தன் பெயரைத்தான்.

"பையை மாட்டு" என்றார் மேஸ்திரி, மூச்சு வாங்கிக்கொண்டு. "மாட்டிட்டு உள்ளே ஓடி வந்துடாதே. வண்டி வர்ற வரைக்கும் பக்கத்துல நில்லு."

அடுத்த புதன்கிழமை பெல்ட்டுக்குத் தாமதமாக வர அனுமதி கேட்டுவிட்டு, படிவம் எழுதிக் கொடுத்து வாங்கிய ஊதாப் பையை வாசலில் மாட்டி அதன் பக்கத்தில் நின்றார். ஏழரைக்குச் சந்து நடமாடத் தொடங்கியது. வாத்தியார் ஜன்னலில் நின்றார். பால் வாங்கி வந்தவர்கள் பையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பிறகு வேறு எங்கோ பார்த்தார்கள். துணியைத் திருப்பி வாங்கிப் போன இருவரும் எதிர்ச் சாரியில் நின்றிருந்தார்கள். பதினேழாம் எண் வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி வந்தது. பின்படியிலிருந்து இறங்கியவர் மேஸ்திரியின் கீழ் இருபது வருஷம் வேலை பார்த்தவர். ஊதாப் பையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாருக்கு? மேஸ்திரிக்கா?"

"ஆமாண்ணே" என்றார் அவர். வண்டியின் இரைச்சலைத் தாண்டி எதிர்ச் சாரிக்கும் கேட்கிற மாதிரி மீதியையும் சொன்னார். "எட்டு மாசமா எங்கப்பாவுக்கு இப்படித்தான். அஞ்சு மாசம் இதை நான் இந்த அக்கா தொட்டியில ஒளிச்சு வெச்சேன். அவங்க அதைக் கையால எடுத்து எங்க மானத்தைக் காப்பாத்தினாங்க. நான் அவங்க பேரைப் பலகையில ஒட்டினேன்."

பின்படிக்காரர் பையை வண்டிக்குள் வைத்தார், வீசவில்லை. அவர் தோளைத் தொட யாரும் வரவில்லை, பெரிய மனசு என்று யாரும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றிருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் வேலைக்கு நடந்தார்.